கதைத்தால் ஆறுமா? போர்க்காயமும் உளவளத்துணையும் பற்றி ஒரு இழை

கேள்வி, ஏப்ரல் 6

அம்மாவுக்கு அறுபது கடந்துவிட்டது. 2009இல் கடைசிவரை வன்னிக்குள் இருந்தவர். போன கிழமை ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, "மனசுக்குள்ள வச்சிருக்காதேங்கோ, எல்லாத்தையும் சொல்லுங்கோ, பாரம் குறையும்" என்று ஒரே இருப்பில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கதைக்க வைத்தார். அம்மாவும் அழுதழுது எல்லாம் சொன்னார். அன்று இரவிலிருந்து நித்திரை இல்லை. ஹெலி சத்தம் கேட்டால் முற்றத்திலிருந்து உள்ளே ஓடி வருகிறார். இதுதான் சிகிச்சையா? ஆற்றுவதற்குக் கிண்டித்தான் ஆக வேண்டுமா?

ஏப்ரல் 6, இரவு

கிண்டத் தேவையில்லை. நான் வன்னியில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். போர்க்காயத்தோடு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். விளக்கம் நாளைக்கு எழுதுகிறேன், இன்றைக்கு அம்மாவுக்குச் செய்யக்கூடியது மட்டும்.

அந்தக் கதையை இனி யாரும் அவரிடம் திரும்பக் கேட்க வேண்டாம். "அதை மறந்துவிடுங்கோ" என்றும் சொல்ல வேண்டாம். இரவில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், கண் திறந்ததும் எந்த அறை என்று தெரிய வேண்டும். திடுக்கிட்டு எழும்பினால் பிடித்து உலுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று, நீங்கள் யார், இது எந்த வீடு, இன்றைக்கு என்ன கிழமை என்று மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டு காலும் நிலத்தில் படும்படி இருக்கட்டும், பச்சைத்தண்ணீரில் முகம் கழுவட்டும். ஒரு கிழமையில் நித்திரை திரும்பாவிட்டால் ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "இருந்து என்ன பயன்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

ஏப்ரல் 7

"கொட்டிவிட்டால் பாரம் குறையும்" என்பது எங்கள் ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் 1983இல் தீயணைப்புப் படை, அம்புலன்ஸ் ஊழியர் போன்றவர்களுக்காக ஒரு முறையை எழுதினார். கோரமான சம்பவம் ஒன்றுக்குப் போய்வந்த குழு, சில நாட்களுக்குள் ஒன்றாக இருந்து நடந்ததை வரிசையாகக் கதைக்கும். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அந்த வேலைக்கே பயிற்சி பெற்றவர்கள். பிறகு அதே முறை தனி ஆட்களுக்கு, ஒற்றை அமர்வாக, வீதி விபத்தில் அடிபட்டவருக்கும் தீக்காயக்காரருக்கும் என்று பரவியது. ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் பார்த்தபோது, அந்த ஒற்றை அமர்வு பிற்கால நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சில ஆய்வுகளில், அதைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கு வந்த எத்தனையோ குழுக்கள் அதைத்தான் கொண்டு வந்தன. பிள்ளைகளை வட்டமாக இருத்தி "அலையை வரை" என்று தாள் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வேறு முகாமுக்குப் போய்விடுவார்கள்.

அந்த நேரம் கிழக்குக் கரையில் கிணறுகளுக்கு நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கடல் புகுந்த கிணற்றைச் சுத்தமாக்க வேண்டும் என்று மெசின் வைத்து அடி தெரியும்வரை இறைத்தார்கள். இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்புத்தண்ணீர் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, மழை வந்து ஊறவிட்ட கிணறுகள்தான் திரும்பவும் குடிக்கக் கூடியதாக வந்தன. உங்கள் அம்மாவின் இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 7, மாலை

பயம் உச்சத்தில் இருக்கும்போது பதிகிற நினைவு, கலியாண வீட்டு நினைவு மாதிரி வரிசையாகப் பதிவதில்லை. ஒரு மணம், ஒரு சத்தம், கையில் ஒட்டிய ஈரம் என்று துண்டு துண்டாக நிற்கும். அது எந்த நாள், அதற்கு முன் என்ன, பின் என்ன என்பது கூடவே வராது. அதனால் அந்தத் துண்டு மேலே வரும்போது உடம்புக்கு அது பழைய விசயமாகத் தெரிவதில்லை, இப்போதே நடக்கிறது. நெஞ்சு அடிக்கும், கை குளிரும், காது அடைக்கும். இந்த நிலையில் ஒருவரை நிறுத்தாமல் கதைக்க வைத்தால் அவர் கதை சொல்லவில்லை, திரும்பவும் அதற்குள் போய்விட்டார். வெளியே கூட்டி வராமல் எழும்பிப் போனவரில்தான் பிழை.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1992இல் இந்த வேலையை மூன்று கட்டமாகச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்தலும் துக்கம் கொண்டாடுதலும், பிறகு மனிதரோடும் அன்றாட வாழ்வோடும் திரும்பச் சேர்தல். அந்த எண்ணத்தின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பியர் ஜனே செய்த வேலையில் இருக்கிறது. ஆக, "முதலில் நிலைப்படுத்து" என்பது நேற்று வந்த எண்ணம் இல்லை.

ஏப்ரல் 9

பாதுகாப்பு என்றால் என்ன, அறையில் அது எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அறையைச் சொல்கிறேன்.

மூன்று கதிரை இருக்கும். வருகிறவர் தனக்குப் பிடித்ததில் இருக்கலாம். அநேகமானவர்கள் கதவைப் பார்த்தபடி, சுவருக்கு முதுகு கொடுத்து இருப்பார்கள். கதவுக்கும் அவருக்கும் நடுவில் நான் ஒருநாளும் இருப்பதில்லை. கதவைப் பூட்டுவதா, நீக்கலாக விடுவதா என்பதும் அவருடைய முடிவு. மேசையில் தண்ணீர். மணிக்கூடு இருவருக்கும் தெரிகிற இடத்தில்.

முதல் நாள் நான் பேனையைக் கையில் எடுப்பதில்லை. இது எங்கள் சனத்துக்கு மிக முக்கியமானது. முகாமில் பதிவு, மீள்குடியேறிய இடத்தில் பதிவு, இராணுவம் வந்து பதிவு, நிறுவனம் வந்து பதிவு. எதிரே ஒருவர் இருந்து பெயரைக் கேட்டு எழுதினாலே பலருக்கு விசாரணை ஞாபகம் வந்துவிடும். எழுத வேண்டி வந்தால் எழுதியதை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவேன். "ஏன்" என்று தொடங்கும் கேள்வியையும் தவிர்ப்பேன். "ஏன் அங்கே போனீங்கள், ஏன் பிள்ளையை விட்டுட்டு வந்தீங்கள்" என்பதை அவர் ஏற்கனவே ஆயிரம் தடவை தன்னிடமே கேட்டுவிட்டார்.

இன்னொன்று, நான் சொல்லித்தான் கதை தொடங்கும் என்றில்லை. "இன்றைக்கு எதைக் கதைக்க வேண்டாம்?" என்று கேட்பேன். "இயக்கத்தில இருந்த காலத்தைக் கேக்காதேங்கோ மிஸ்" என்றால் சரி, அது அப்படியே இருக்கட்டும். அவர் கையை உயர்த்தினால் நான் நிறுத்துவேன் என்று பேசி வைத்துக்கொள்வோம். முதல் சில சந்திப்பில் சிலர் கையை உயர்த்திப் பார்ப்பதே நான் உண்மையிலேயே நிறுத்துகிறேனா என்று அறியத்தான். நிறுத்துவேன். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும்.

ஏப்ரல் 9, பிறகு

ஒன்று விடுபட்டது. கிராமத்தில் இரகசியம் காப்பது நகரத்தில் மாதிரி இல்லை. என் அறைக்கு வெளியே வாங்கில் இருக்கிறவர் வந்தவரின் பெரியம்மாவாக இருக்கலாம். கிராம சேவையாளர் நல்லெண்ணத்தோடுதான் "அந்தப் பிள்ளைக்கு என்ன?" என்று கேட்பார். அவருக்கும் பதில் சொல்வதில்லை. என்னிடம் வருகிறவரைச் சந்தையில் கண்டால் அவர் முதலில் சிரித்தால்தான் நானும் சிரிப்பேன் என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 13

பாதுகாப்பு அறையோடு முடிவதும் இல்லை. நுண்கடன்காரர் கிழமைக்கொரு தடவை படலையில் வந்து நிற்கிற பெண்ணிடம் "மூச்சை ஆழமாக இழுங்கோ" என்று சொல்வதில் பயனில்லை. அவருக்குப் பயம் பழையது மட்டும் இல்லை, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கும் இருக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருசன் இருக்கும் வீட்டில் போர்க்கால நினைவை ஆற்ற முடியாது. அதனால் என் வேலையில் பாதி பிரதேச செயலகத்துக்குத் தொலைபேசி எடுப்பது, சட்ட உதவிக்கு அனுப்புவது, பெண்கள் சங்கத்தில் இருக்கிற அக்காவோடு சேர்த்துவிடுவது. உலக சுகாதார நிறுவனமும் வேறு இரண்டு அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்றே வேலையைச் சொல்கிறது: பார், கேள், இணைத்துவிடு. கேட்பதோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம். இணைத்துவிடுவதில்தான் வியர்வை சிந்த வேண்டும்.

ஏப்ரல் 19

"அப்ப வாழ்நாள் முழுக்கக் கதைக்காமலே இருக்கச் சொல்கிறீர்களா? பதினைந்து வருசமாக எங்கள் வீட்டில் யாரும் கதைக்கவில்லை, யாருக்கும் ஆறவும் இல்லை" என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். கோபத்தில் நியாயம் இருக்கிறது. விலகி விலகிப் போனால் பயம் வளரும். முதலில் அந்த வீதியால் போகமாட்டோம், பிறகு அந்தப் பக்கமே போகமாட்டோம், பிறகு வீட்டை விட்டே வெளிக்கிடமாட்டோம். எனவே கதைக்கத்தான் வேண்டும், கதைக்கிற விதம்தான் கேள்வி.

நான் அதிகம் பாவிப்பது கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்து ஜெர்மன் உளவியலாளர்கள், போருக்குள்ளும் அகதி முகாமிலும் இருப்பவர்களுக்காக உருவாக்கிய வாழ்க்கைக்கதை முறை. மாகி ஷாவர், பிராங்க் நொய்னர், தோமஸ் எல்பெர்ட் மூவரும் அதை உருவாக்கியவர்கள். நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். நான் சொல்லும் ஆள் எவரும் தனி ஒருவர் இல்லை, பலரிடம் கண்டதைச் சேர்த்து அடையாளம் மாற்றியிருக்கிறேன்.

நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டுவோம். ஒரு முனை பிறந்த நாள். மறுமுனை சுருட்டியபடியே இருக்கும், அது இனி வரப்போகிற காலம். பக்கத்தில் முற்றத்தில் பொறுக்கிய கல்லும், நித்தியகல்யாணி, செவ்வரத்தை என்று கிடைத்த பூவும். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். அன்றைக்கு விபரம் கேட்பதில்லை, பெயர் மட்டும். "இது என்ன கல்?" "மாத்தளன்." "சரி." கடைசிப் போர் நடந்த கரையோர ஊர் அது, ஆனாலும் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

ஒரு அக்கா முதலில் கல் மட்டும்தான் வைத்தார், ஒன்றுக்குமேல் ஒன்றாக. பூவைத் தொடவே இல்லை. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு பெரிய கல்லுக்கு நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பூவை வைத்தார். அது மெனிக் பாம் முகாமில், முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பிள்ளையின் பால்மாவில் பாதியை இவருடைய பிள்ளைக்குத் தந்த நாள். "அவவின்ர பேர்கூட கேக்கேல்லை மிஸ்" என்றார். அந்தப் பூவுக்குப் பிறகு பின்னால் போய்ச் சின்ன வயசில் இன்னும் மூன்று பூ வைத்தார். ஒன்று, அண்ணன் சைக்கிள் பழக்கிவிட்டு வேலிக்குள் விழுத்திய நாள். அதைச் சொல்லிச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு வரும் கிழமைகளில் பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை வரும். கல்லை அடையும்போது வேகத்தைக் குறைப்போம். என்ன கேட்டது, என்ன மணந்தது, உடம்பில் அப்போது என்ன, இப்போது இந்தக் கதிரையில் இருக்கும்போது உடம்பில் என்ன. அந்த "இப்போது" என்ற கேள்வி விடுபடவே கூடாது. அந்தக் கல்லைத் தாண்டி ஒரு பத்திரமான இடத்துக்கு வந்து சேரும்வரை அமர்வை முடிக்க மாட்டேன், ஒன்றரை மணித்தியாலம் ஆனாலும் சரி. இதற்குள் நான் எழுதலாம் என்று அவர் சம்மதித்திருப்பார். எழுதியதை அடுத்த முறை வாசித்துக் காட்டுவேன்.

அந்த அக்காவுக்கு வாசித்தபோது இடையில் கை உயர்ந்தது. "இல்லை மிஸ், அது பின்னேரம் இல்லை. விடியப்புறம். சேவல் கூவினது." அதுவரை அவருக்கு அந்தச் சம்பவத்தில் நேரமே இருக்கவில்லை. அன்றைக்கு அதற்கு ஒரு விடியற்காலை வந்தது, அதற்கு முந்திய இரவும், பிந்திய பகலும் வந்தன. கடைசியில் முழுக் கதையும் தாளில் அவர் கையில் போகும். சிலர் வீட்டுக்குக் கொண்டு போவார்கள், சிலர் என்னிடமே வைக்கச் சொல்வார்கள். ஒருவர் கிழித்து எரித்தார். மூன்றும் சரி.

ஏப்ரல் 20

ஆதாரம் கேட்டவருக்கு: சுனாமிக்குப் பிறகு எங்கள் வடகிழக்கிலேயே, புதிதாக அமைத்த முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளோடு ஒரு ஒப்பீடு நடந்தது, 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கைக்கதை முறை, மறு பகுதிக்குத் தியானமும் உடல் தளர்த்தலும், இரண்டிலும் ஆறு அமர்வு. ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். சும்மா விட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதை அது சொல்லாது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இரண்டாவது எண். கதையையே தொடாத பிள்ளைகளும் பெரும்பாலும் தேறினார்கள்.

ஏப்ரல் 24

அந்த 71ஐப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் அது எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்று. யாழ்ப்பாணத்தில் போருக்குள்ளேயே இருந்து வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மரபுவழித் தளர்வு முறைகளை அவரவர் நம்பிக்கைக்கு ஏற்பச் சொல்லிக் கொடுத்தார். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்குச் சரணம். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு தானாக நீளும், மூச்சு நீண்டால் நெஞ்சடிப்பு இறங்கும். புதிய பயிற்சி என்று சொன்னால் சிரிக்கிற அப்பு, "தேவாரம் ஒன்றை மெதுவா பாடுங்கோவன்" என்றால் கண்ணை மூடிப் பாடுவார்.

ஆனால் "கண்ணை மூடுங்கோ" என்று நான் சொல்வதில்லை. கண் கட்டப்பட்டு இருந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நிலத்தை ஒரு இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தாலும் போதும்.

எங்களிடம் வருகிறவர்கள் "எனக்குக் கவலை" என்று வருவது குறைவு. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பெல்லாம் எரிவு, பெருமூச்சு என்றுதான் வருவார்கள். இரத்தம் சோதித்து, ஈசிஜி எடுத்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். எரிவு உண்மை. ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட அவமானத்தை முதலில் எடுக்க வேண்டும். அதனால் நெஞ்சு நோவோடு வருகிறவரிடம் நெஞ்சு நோவைத்தான் முதலில் கேட்பேன்: எப்போது கூடும், எப்போது குறையும், யார் பக்கத்தில் இருந்தால் குறையும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் பாதி வழி இருக்கும்.

ஏப்ரல் 25

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், அம்மாவுக்கு நித்திரை ஓரளவு திரும்பியிருக்கிறதாம். நல்லது. இப்போதைக்குக் கதைக்க வைக்க வேண்டாம். அவராகக் கதைத்தால் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள்.

ஏப்ரல் 28

ஹெர்மனின் மூன்று கட்டத்தை நான் எழுதியதை வைத்து, "எங்கள் அலுவலகத்தில் முதல் கட்டத்திலேயே ஒரு வருசம் வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு இளம் துணையாளர் கேட்கிறார். ஏழாம் திகதி எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள்: அந்தக் கட்டங்கள் சட்டம் இல்லை. நிலைப்படுத்தல் என்ற பெயரில் காலம் கடத்தக்கூடாது என்று ஆய்வாளர்களிடமே பலத்த வாதம் இருக்கிறது. நினைவை நேராக எடுக்கக்கூடிய பலர் காத்திருக்க வைக்கப்படுகிறார்கள் என்பது அந்த வாதம். நானும் அப்படிப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டாம் சந்திப்பிலேயே "எனக்கு அதைச் சொல்ல வேணும், அதுக்குத்தான் வந்தனான்" என்பார்கள். அவர்களை மூச்சுப்பயிற்சியில் நிறுத்தி வைப்பதும் வேகத்தை அவர்கள் கையிலிருந்து பறிப்பதுதான். நாளாந்தச் சாப்பாடு, நித்திரை, ஒரு நம்பிக்கையான ஆள், தற்கொலை எண்ணம் கட்டுக்குள். இவை இருந்தால் தொடங்கலாம். கதைக்கப் பயப்படுகிறவர் வந்தவராக இல்லாமல் துணையாளராக இருக்கும் அலுவலகங்களும் உண்டு.

கண்ணை அசைத்துச் செய்யும் சிகிச்சை (EMDR) பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபிரான்சீன் ஷபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டியில் இடம்பெற்ற முறைகளில் ஒன்று. கண் அசைவுதான் வேலை செய்கிறதா என்ற வாதம் இன்னும் இருக்கிறது. முறையாகப் பழகினவர் செய்தால் போகலாம்.

மே 4

காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள். இதில் மேலே எழுதிய பல விசயம் பொருந்தாது.

கயிற்றில் கல் வைக்க அது நடந்து முடிந்திருக்க வேண்டும். இராணுவத்திடம் கையளித்த மகன் எங்கே என்று தெரியாத தாய் எங்கே கல் வைப்பார்? அமெரிக்காவில் போலீன் பாஸ் என்ற ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களிடமிருந்து தொடங்கி இந்த நிச்சயமற்ற இழப்பை வாழ்நாள் வேலையாக எடுத்தவர். அவர் சொல்வதன் சாரம், இங்கே நோய் அந்தத் தாய்க்குள் இல்லை, நிலைமையில் இருக்கிறது என்பது. பதில் இல்லாத நிலைமையில் "ஏற்றுக்கொள்ளுங்கோ, முடித்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லக்கூடாது.

ஒரு அம்மா பொலித்தீன் உறைக்குள் கோப்போடு வருவார். லமினேட் செய்த படம், அடையாள அட்டைப் பிரதி, ஆணைக்குழுக்களில் கொடுத்த கடிதங்கள், பதிவு இலக்கங்கள். அந்தக் கோப்பை நான் கை நீட்டி வாங்குவதில்லை. இதுவரை வாங்கின எல்லோரும் அதை வாசித்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை. அவர் தானாகத் திறந்தால் அவர் மடியில் வைத்தபடியே சேர்ந்து பார்ப்போம். ஒருநாள் அவரிடம், "மகனுக்கு என்ன கறி பிடிக்கும்?" என்று கேட்டேன். கணவாய் என்று தொடங்கி, பள்ளிக்கூடத்தில் மண்டபத்துக் கூரையில் ஏறியது, தங்கச்சியின் பின்னலைக் கதிரையில் கட்டி வைத்தது என்று அரைமணித்தியாலம் வந்தது. "இதெல்லாம் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். எல்லோரும் திகதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மகன் உயிரோடு இருக்கிறாரா என்பதில் நான் ஒரு பக்கமும் சாய்வதில்லை. சாத்திரி "இருக்கிறார்" என்று சொன்னால் அதோடு நான் சண்டைக்குப் போவதில்லை. மகன் வரக்கூடும், வராமலும் போகக்கூடும், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நாளைக்குச் சமைக்க, மகளின் கலியாணத்தில் சிரிக்க வழி தேட வேண்டும். மகள் கலியாணத்தில் சிரித்ததற்காக அந்த அம்மா தன்னை மன்னிக்கவே இல்லை. அதைத்தான் நாங்கள் அதிக நாள் கதைத்தோம்.

மே 5

சான்றிதழ் பற்றிக் கேட்டவருக்கு: 2016இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு மரணச் சான்றிதழ் எடுக்காமல், காணாமல் போனதற்கான சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. காணி, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக்கூட விசயங்களுக்கு அது உதவும். எடுப்பதா விடுவதா என்று நான் ஆலோசனை சொல்வதில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரக் கொட்டில்களில் இருந்து போராடும் அம்மாக்களில் பலர் எந்தச் சான்றிதழும் வேண்டாம் என்பவர்கள், அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது. அந்தக் கொட்டிலைச் சிலர் "அவர்களை ஆறவிடாமல் வைத்திருக்கிறது" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன் மகனின் பெயரைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிற இன்னும் இருபது பேர் இருக்கும் ஒரே இடம் அதுதான். அங்கே போகிற அம்மாவை நான் மறிக்க மாட்டேன். வெயிலில் நீரிழிவு மாத்திரையை மறக்காமல் எடுக்கிறாரா என்று கேட்பேன்.

மே 16

நாளை மறுநாள் மே 18, போர் முடிந்த நாள். முதல் கிழமையிலிருந்தே உடம்புகளுக்குத் தெரிந்துவிடும். நித்திரை குழம்பும், வீட்டில் சின்னச் சின்னச் சண்டை வரும், காரணம் தெரியாமல் பிள்ளைகளுக்கு அடி விழும். இந்தக் காலத்தில் புதிதாக எந்தக் கல்லையும் நான் எடுப்பதில்லை. அன்றைய நாளை முன்கூட்டியே திட்டம் போடுவோம்: எங்கே போவீர்கள், யாரோடு போவீர்கள், கஞ்சி காய்ச்சினால் யார் காய்ச்சுவது, திரும்பி வந்து பின்னேரம் என்ன செய்வீர்கள். பின்னேரத்தை மறந்துவிடுகிறவர்களுக்குத்தான் அன்று இரவு கஷ்டம். பிள்ளைகள் கேட்டால் அவர்கள் வயசுக்கு ஏற்ற உண்மையைச் சொல்லுங்கள். ஒன்றுமே சொல்லாத வீட்டில் பிள்ளைகள் தாங்களாக ஒரு கதை கட்டிக்கொள்வார்கள், அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

மே 21

ரொறன்ரோவிலிருந்து ஒருவர். அப்பாவை அங்கே சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறார், மொழிபெயர்ப்பதும் இவரே. தயவுசெய்து வேண்டாம். மகன் காது கேட்க ஒரு தகப்பன் தான் சிறையில் அனுபவித்ததைச் சொல்லமாட்டார். சொன்னால் அதற்குப் பிறகு மகனின் முகத்தைப் பார்க்கச் சிரமப்படுவார். நீங்களும் கேட்டதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவீர்கள். வெளி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், ஆணா பெண்ணா என்பதை அப்பா தீர்மானிக்கட்டும், மொழிபெயர்ப்பாளர் அதே கோயிலுக்குப் போகிறவரா என்றும் விசாரியுங்கள்.

அகதி வழக்குக்கான அறிக்கையும் சிகிச்சையும் ஒன்றாகுமா என்றும் கேட்டிருந்தார். சிலியில் பினோசே ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களின் வாக்குமூலங்களைச் சாட்சியமாகத்தான் சேர்த்தார்கள். சொன்னவர்களுக்கு அதனால் ஆறுதலும் வந்ததைக் கண்டு, இரண்டு உளவியலாளர்கள் அதைச் சிகிச்சை முறையாக 1983இல் எழுதினார்கள், ஆட்சிக்குப் பயந்து புனைபெயரில். ஆகவே இரண்டும் சேரலாம். ஆனால் வழக்குக்குத் திகதி பிசகக்கூடாது, சிகிச்சையில் ஞாபகமில்லை என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யாமல் இருப்பது நல்லது.

மே 27

"மன்னித்தால்தான் ஆறும்" என்று எழுதியவருக்கு. நான் யாரிடமும் மன்னிப்பைக் கேட்பதில்லை. மன்னிக்காமலே நித்திரை கொள்ளலாம், தோட்டம் செய்யலாம், பிள்ளை வளர்க்கலாம். பார்த்திருக்கிறேன். கோபம் நியாயமாக இருக்கும் இடத்தில் அதை நோய் என்று பெயரிட எனக்கு மனம் வராது.

ஜூன் 5

கேட்கிறவருக்கு என்ன ஆகும்? இளம் துணையாளருக்காகவே எழுதுகிறேன். கேட்டது உள்ளே வரும். ஒரு காலத்தில் என் பிள்ளை பஸ்ஸால் வர ஐந்து நிமிடம் பிந்தினால் எனக்குக் கை நடுங்கும். எங்களுக்கு மேற்பார்வை கட்டாயம். மாதத்துக்கு ஒரு தடவையாவது அனுபவமுள்ள ஒருவரிடம் போய், எந்தக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரே நாளில் இரண்டு கடும் அமர்வை அடுத்தடுத்து வைக்காதீர்கள். திட்டக்காரர் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று எண்ணிக்கை கேட்பார். எண்ணிக்கைக்காக இன்னொருவரின் அம்மாவை இரண்டு மணித்தியாலம் கதைக்க வைத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள்.

ஜூன் 12

மாத்திரை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். செர்ட்ரலின் போன்ற, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகள் சிலருக்கு நன்றாக உதவும். கதைக்கவே முடியாத அளவுக்குப் பதற்றம் இருப்பவருக்கு அது நிலத்தில் கால் ஊன்ற வைக்கும். வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். நித்திரைக்காகக் கொடுக்கும் டயசிபாம் வகை வேறு. சம்பவம் நடந்த முதல் மாதத்தில் அதை இதற்காகக் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொல்லிவிட்டது, நீண்ட காலம் எடுத்தால் பழக்கமாகும். ஆனால் ஏற்கனவே கனகாலம் எடுக்கிறவர் இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிறுத்த வேண்டாம், ஆபத்து. வைத்தியரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

முதல் தடவை ஒரு துணையாளரிடம் போகும்போது கேளுங்கள்: நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? எழுதுவதை யார் பார்ப்பார்கள்? அடுத்த கிழமையும் நீங்கள் இருப்பீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் பழைய கதையைத் தொடங்காதீர்கள், நித்திரை, சாப்பாடு, பொழுது பற்றி மட்டும் கதைத்துவிட்டு வாருங்கள். இலங்கையில் 1926க்கு எடுத்தால் தேசிய உளநல நிறுவனத்தின் உதவி இணைப்புக் கிடைக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு டெலி மானஸ் என்ற அரசு உளநலத் தொலைபேசிச் சேவை, 14416.